விசிறிகளை நிறுத்தச் சொன்னவள்

வெண்குடி நிலத்தடி நகர், நிலா
ஒலிக் கட்டுப்பாட்டு அலுவலகம்
பதிவு எழுதுபவர்: சுடர்க்கொடி, ஒலி அலுவலர்

ஜூன் 9, காலை 9.10. வழக்கமான பதிவு

முதல் கூடம் 58 டெசிபல். இரண்டாம் கூடம் 61. மூன்றாம் கூடத்துப் பள்ளிக்கூடம், பாடம் நடக்கும்போது 57, இடைவேளையில் 74. எல்லா இடத்துக்கும் இலக்கு 55. இந்த வேலைக்கு வந்து ஆறு வருடமாகிறது. அந்த 55 என் திரையில் ஒரு நாளும் வந்ததில்லை.

நான்காம் விசிறியின் பேரிங் மறுபடி முனகுகிறது. காற்று நிலையத்துக்குச் சொல்லியாயிற்று. புகார் ஒன்று: இரண்டாம் கூடத்தில் ஒரு வீட்டின் மாவு கிரைண்டர் மூன்று வீடு தள்ளிக் கேட்கிறதாம். பாறை ஒலியை அப்படித்தான் கடத்தும். அடியில் ரப்பர் வைக்கச் சொல்ல வேண்டும்.

இதை எனக்குப் பிறகு இந்த நாற்காலிக்கு வருபவருக்காக எழுதுகிறேன். எண்களை இயந்திரம் பதிந்துகொள்ளும். நீங்கள் புதிதாக வந்திருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பூமியில் இரைச்சல் தாங்காவிட்டால் கடற்கரைக்குப் போகலாம், மொட்டை மாடிக்கு ஏறலாம். இங்கே வெளியே என்று ஒன்று கிடையாது. பாறைக்குள் ஐந்து கூடங்கள், இரண்டாயிரத்து நூறு பேர், பன்னிரண்டு பெரிய விசிறிகள். ஈர்ப்பு குறைந்த இந்த இடத்தில் காற்று தானாக நகர்வது மிகக் குறைவு. விசிறி தள்ளாவிட்டால், விட்ட மூச்சு முகத்தருகிலேயே தேங்கும். ஆகவே விசிறிகளை யாரும் நிறுத்துவதில்லை. அந்த ரீங்காரத்தில் குழந்தைகள் பேசத் தாமதிக்கிறார்கள். பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம். தூக்கம் கெட்டவர்கள் பட்டறையில் விரலை நசுக்கிக்கொள்கிறார்கள். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதுதான் என் வேலை.

சுவர்களில் 212 அதிர்வுமானிகள் பதித்திருக்கிறோம். அவற்றைக் ‘காது’ என்போம். எந்த இரைச்சல் எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறது என்று அவைதான் காட்டும்.

காலை 11.20

ஐந்தாம் கூடத்துச் சலவை நிலையத்திலிருந்து உள்வானொலியில் வந்த செய்தி. பேசியது என் அக்கா செண்பகம்.

“ஏட்டி கொடி, மத்தியானம் சோத்துக்கு வாரியா, இல்ல அந்தக் காதுகளையே கட்டிக்கிட்டு கெடக்கப் போறியா? புளிக்குழம்பு வச்சிருக்கேன். நீ வரலன்னா ராக்குக்குக் குடுத்துருவேன்.”

அலுவலக அலைவரிசையில் சொந்த விஷயம் பேசக் கூடாது என்று பலமுறை சொல்லியாயிற்று. தூத்துக்குடியில் தனியாக இருந்தவளை மூன்று வருடத்துக்கு முன் நான்தான் இங்கே வரவழைத்தேன். சலவை இயந்திரங்களுக்கு நடுவே, கூட வேலை பார்க்கும் ராக்குவிடம் கத்திக் கத்தியே பழகிவிட்டாள். வீட்டில் உப்பு கேட்டாலும் 80 டெசிபல்.

வருகிறேன் என்று சொன்னேன்.

பகல் 12.25

11.52-க்கு நிலநடுக்கம். எல்லாக் காதுகளும் ஒரே நேரத்தில் அளவு தாண்டின. ஐந்தாம் கூடத்தின் கூரை சரிந்துவிட்டது. அடைப்புக் கதவுகள் தானாக இறங்கின. மற்ற நான்கு கூடங்களில் காற்றுக்கசிவு இல்லை. இரண்டு காற்று நிலையங்களில் ஒன்று செத்துவிட்டது. மற்றொன்றை வைத்துத்தான் எல்லோரும் மூச்சு விடுகிறோம்.

ஐந்தாம் கூடத்தில் பதினான்கு பேர். வானொலித் தொடர்பு இல்லை.

அக்கா உள்ளே இருக்கிறாள்.

பகல் 1.40

மீட்புக் குழுத் தலைவர் எட்வின் கதவருகிலிருந்து பேசினார்.

“மேடம், வெறும் கல்லும் மண்ணுமாக் கெடக்கு. எங்க தோண்டன்னு தெரியல்ல. தப்பான பக்கம் போனா மிச்சமும் சரியும். உள்ள ஏதாவது சத்தம் கேக்குதா? யாராவது தட்டுகாங்களா?”

ஐந்தாம் கூடத்தின் முப்பத்தொரு காதுகளில் பதினொன்று வேலை செய்கின்றன. மற்றவற்றின் கம்பிகள் அறுந்துவிட்டன. பதினொன்றிலும் கேட்பது ஒன்றேதான், விசிறி. பாறை முழுக்க விசிறி. கணினியை வைத்து ரீங்காரத்தைக் கழித்துப் பார்த்தேன். நடுக்கத்துக்குப் பிறகு பாறை விரிசல் விட்டிருப்பதால் ரீங்காரமே மாறிக்கொண்டிருக்கிறது. பழைய அளவை வைத்துக் கழிக்க முடியவில்லை. ஒரு மனுஷி கல்லால் சுவரைத் தட்டும் ஒலி அதற்குள் மூழ்கிப்போகும்.

ஒரே வழிதான். விசிறிகளை நிறுத்த வேண்டும்.

பகல் 2.15

காற்று நிலையப் பொறியாளர் திருமேனி முதலில் முடியாது என்றார். பிறகு:

“பத்து நிமிஷம் தாங்கும். மூச்சு முட்டுறது கூட எனக்குப் பயமில்லம்மா. நிறுத்தினா திரும்பக் கிளம்பணும். அடிபட்ட மோட்டார். ஓடிட்டிருக்கறவரைக்கும் ஓடும். நின்னா என்ன பண்ணும்னு தெரியாது.”

நகர நிர்வாகி நூர்ஜஹான் கேட்டுக்கொண்டிருந்தார். “பத்து நிமிஷம் குடுங்க” என்றார்.

அவரே அறிவிப்புச் செய்தார். அதை அப்படியே பதிகிறேன்: “எல்லாரும் இருக்குற எடத்துல படுங்க. நடக்காதீங்க, பேசாதீங்க. பாத்திரத்தைத் தொடாதீங்க. கைக்குழந்தைக்குப் பால் குடுங்க. உள்ள மாட்டிக்கிட்டவங்க தட்டுற சத்தம் நமக்குக் கேக்கணும்.”

பகல் 3.05

2.40-க்கு விசிறிகள் நின்றன.

முதல் கூடம் 19 டெசிபல். இரண்டாம் கூடம் 17. இந்த நகரம் தோண்டப்பட்ட நாளிலிருந்து இப்படி ஓர் எண் வந்ததில்லை. இரண்டாயிரம் பேர் தரையில் படுத்து மூச்சடக்கிக் கிடந்தார்கள். என் நாடித் துடிப்பு எனக்கே கேட்டது.

மூன்றாம் நிமிடத்தில் காது 5-8-இல் தட்டும் ஒலி. பிறகு 5-11. பல கைகள், இரும்பின் மேல் இரும்பு. அதைத் தாண்டி வேறெதுவும் கேட்கவில்லை. நான்கு காதுகளில் பட்டதால் இடத்தை ஒரு மீட்டருக்குள் குறித்துவிட்டேன். எட்வினுக்குச் சொன்னேன். மோட்டார் முதல் தடவையே கிளம்பியது.

மாலை 6.30

எட்டுப் பேரை உயிருடன் எடுத்தார்கள். மூன்று உடல்கள். ஒருவர் கதவருகே தூக்கி வரும்போது இறந்தார்.

மீதி இரண்டு பேர். அக்காவும் ராக்குவும்.

மீட்கப்பட்ட ஒரு பெண் எட்வினின் வானொலியில் பேசினாள்: “ராக்கக்கா சோப்புக் கெடங்குல இருந்தாங்க. குலுங்குனதும் எல்லாரும் வாசலுக்கு ஓடுனோம். செம்பகக்கா மட்டும் திரும்பி உள்ள போனாங்க. ‘ராக்கு வரலையே’ன்னு கத்திக்கிட்டே போனாங்க.”

காற்று நாளைக் காலை வரை இருக்கலாம் என்கிறார் திருமேனி. குழியின் அளவு தெரியாமல் சொல்வதுதான்.

இரண்டாம் நிறுத்தத்துக்குக் கோரிக்கை வைத்தேன். நிறுத்தச் சொல்லும் பொறுப்பு சட்டப்படி ஒலி அலுவலருடையது. இரண்டே பேருக்காகவா என்று யாரும் கேட்கவில்லை. திருமேனி எட்டு நிமிடம் தருவதாகச் சொன்னார்.

மாலை 7.45

7.20-க்கு விசிறிகள் நின்றன.

இருபது வினாடியில் இரண்டாம் கூடத்தில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. எல்லாக் காதுகளிலும் அதே அழுகை. அதன் தாய் வளர்மதி வானொலியில் பேசினாள்: “மன்னிச்சிருங்க, பால் குடிக்க மாட்டேங்குறான். என்ன பண்ணன்னு தெரியல. வாயப் பொத்த மனசு வரல.”

பொத்த வேண்டாம் என்றேன். வேறென்ன சொல்வது? பகலில் ஒருமுறை விசிறி நின்றபோது அவன் தூங்கியிருக்கிறான். இந்த முறை விழித்திருந்தான். பிறந்ததிலிருந்து அவன் காதைவிட்டு விலகாத ஒன்று திடீரென்று இல்லை.

ஐந்து நிமிடம் அழுதான். பிறகு ஓய்ந்தான்.

ஆறாம் நிமிடத்தில் காது 5-19-இல் ஒரு தட்டல். 5-22-இல் அதே தட்டல், அதே நேரத்தில். ஒரே கை. மூன்று தட்டு, நிறுத்தம், மூன்று தட்டு. மெல்லியது. உயிருள்ள கை.

ஆனால் அந்தப் பகுதியில் மிச்சமிருக்கும் காதுகள் இவை இரண்டுதான். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் ஒலி வந்தால், அது அவற்றுக்கு இடப்பக்கமிருந்தும் வரலாம், வலப்பக்கமிருந்தும் வரலாம். இடப்பக்கம் சோப்புக் கிடங்கு. வலப்பக்கம் தண்ணீர்த் தொட்டிக் குழி. கையில் எடுத்துப் போகும் அதிர்வுமானி ஒன்று எட்வினிடம் இருந்தது. அதை வலப்பக்கப் பாறையில் வைத்துக் கேட்டால் தெரிந்துவிடும். “வச்சிட்டேன் மேடம், பொறுங்க” என்றார். நேரம் முடிந்தது.

இன்னும் இரண்டு நிமிடம் கேட்டேன். “மூணாங்கூடத்துல ரெண்டு பேர் மயங்கிட்டாங்க கொடி” என்றார் நூர்ஜஹான்.

மோட்டார் கிளம்பவில்லை.

இரண்டாம் முறையும் கிளம்பவில்லை. திருமேனியின் வானொலி திறந்தே இருந்தது. “முருகா, முருகா” என்று சொல்லிக்கொண்டே எதையோ சுத்தியலால் அடித்தார். நகரம் முழுக்க இருமல் கேட்க ஆரம்பித்தது. மூன்றாம் முறை கிளம்பியது.

மொத்தம் பதினைந்து நிமிடம். பதினேழு பேர் மருத்துவமனையில். இறப்பு இல்லை.

இரவு 8.30

இடமா வலமா. எந்தப் பக்கம் என்றாலும் தோண்டப் பத்து மணி நேரம் ஆகும். இரண்டு பக்கமும் தோண்ட ஆள் இல்லை, தோண்டினால் கூரை நிற்காது. காற்று ஒரு பக்கத்துக்குத்தான் காணும்.

மூன்றாம் முறை நிறுத்தினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

திருமேனியைக் கேட்டேன். “பாதிக்குப் பாதிம்மா” என்றார். “என் பொண்டாட்டி பிள்ளையும் இங்கதான் இருக்கு. இருந்தும் நீங்க நிறுத்தச் சொன்னா நிறுத்துறேன். நான் மாட்டேன்னு சொல்ல மாட்டேன்.”

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம் அவர்.

நூர்ஜஹானைக் கேட்டேன். “கொடி, என்னால வேண்டாம்னு சொல்லிட முடியும். சொன்னா நாளைக்கு நீங்க என்னைத் திட்டலாம், அது உங்களுக்குக் கொஞ்சம் லேசா இருக்கும். அப்படி வேணும்னா சொல்லுங்க, சொல்லிடுறேன்.”

வேண்டாம் என்றேன்.

இரவு 8.50

திரையில் 5-19, 5-22. வெறும் விசிறி. அவள் தட்டிக்கொண்டிருப்பாள். இதோ, இந்தக் கோட்டுக்குள்ளேதான் எங்கோ இருக்கிறது அந்த மூன்று தட்டு. ஆறு வருடம் இந்த இரைச்சலோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். எதனால் வருகிறது, எப்படிக் குறைக்கலாம், எல்லாம் தெரியும். இன்று இதை விலக்க ஒரே ஒரு வழிதான் இருக்கிறது, அதைச் செய்யச் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

இரண்டாயிரத்து நூறு பேர். பள்ளிக்கூடத்தில் நூற்று அறுபது பேர். வளர்மதியின் பையன்.

அக்கா.

இரவு 9.05

நான் சொன்னது: “மூணாவது நிறுத்தம் வேண்டாம். விசிறி ஓடட்டும். எட்வின், கிடங்குப் பக்கம் தோண்டுங்க. அக்கா ராக்குவைத் தேடிக் கிடங்குக்குத்தான் போனா.”

 “சரி மேடம். ஆரம்பிக்கோம்” என்றார் எட்வின்.

ஜூன் 10, காலை 7.20

கிடங்கைத் திறந்துவிட்டார்கள். சோப்பு மூட்டைகள். யாரும் இல்லை.

“மேடம்” என்றார் எட்வின். 

வலப்பக்கம் போகச் சொன்னேன்.

ஜூன் 10, மாலை 6.10

தண்ணீர்த் தொட்டிக் குழி. இருவரும் இருந்தார்கள். ராக்குவின் கால் குழாயடியில் மாட்டியிருந்தது. அக்கா அவளுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

எட்வினின் ஆட்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்களாம். அவர்தான் சொன்னார். பிறகு நானும் அங்கே போனேன். என்ன பார்த்தேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

ஜூன் 15, காலை 9.10

முதல் கூடம் 51. இரண்டாம் கூடம் 52. பள்ளிக்கூடம் 50.

இலக்கு வந்துவிட்டது. விசிறிகள் அப்படியேதான் ஓடுகின்றன. ஜனங்கள்தான் ஓசை காட்டாமல் நடக்கிறார்கள். என் வீட்டைத் தாண்டும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். கிரைண்டர் வீட்டுக்காரர் நான்கு நாளாக மாவு அரைக்கவில்லை. எனக்காகச் செய்கிறார்கள். கதவைத் திறந்து, தயவுசெய்து கத்திப் பேசுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

வளர்மதி வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. வாசல் ஒலிபெருக்கியில் பேசினாள்.

“அக்கா, அன்னைக்கு இவன் அழாம இருந்திருந்தா...”

“அவனுக்கு என்ன வயசு?”

“அஞ்சு மாசம்.”

“அஞ்சு மாசப் பிள்ளை அழத்தான் செய்யும். போய் அவனைப் பாரு. இந்தப் பேச்சை இனிமே யார்கிட்டயும் பேசாத.”

அவள் போகவில்லை. நான் கதவைத் திறந்தேன். பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவன் என் முடியைப் பிடித்து இழுத்தான்.

ஜூலை 2

தொட்டிக் குழியின் சுவரில் ஒரு காது இருந்தது. 5-27. கம்பி அறுந்துபோனதால் என் திரையில் அது செத்ததாகத்தான் காட்டியது. ஆனால் அதற்குத் தனி மின்கலம் உண்டு. தனி நினைவகம் உண்டு. எட்வின் அதைக் கழற்றி வந்து மேசைமேல் வைத்தார்.

அது பதிந்திருக்கிறது. பதினேழு மணி நேரம்.

விசிறியின் ரீங்காரம்தான் பெரும்பகுதி. உள்ளே ஒரு பேச்சுக்குரல். இப்போது எனக்கு அவசரமில்லை. விரிசல் விட்ட பாறையின் ரீங்காரத்தை மூன்று வாரமாக அளந்திருக்கிறேன். துல்லியமாகக் கழிக்க முடியும். ஒரு நாளில் நாற்பது நிமிடம் சுத்தமாகிறது.

ஜூலை 4

முதல் பகுதி.

“ஏட்டி, கேக்குதா? சொவத்துல ஒன் காது இருக்கு. பச்ச வெளிச்சம் எரியுது. அப்ப நீ கேட்டுக்கிட்டுதான் இருப்ப. ராக்கு கெடங்குல இல்லட்டி, இங்க ஓடி வந்துருக்கா. நாங்க தண்ணித் தொட்டி பக்கம் இருக்கோம். தண்ணித் தொட்டி. ராக்குக்குக் கால் மாட்டிக்கிச்சு. எனக்கு ஒண்ணுமில்ல.”

பச்சை விளக்கு மின்கலம் இருப்பதைக் காட்டுவது. கம்பி அறுந்தாலும் எரியும். அதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

தண்ணீர்த் தொட்டி என்று பதினொரு முறை சொல்கிறாள்.

ஜூலை 9

“ராக்கு தூங்குதா. நான் எழுப்பல. ஏட்டி, அந்தப் புளிக்குழம்ப எடுத்துச் சாப்புட்டுரு. நாளைக்கு ஆச்சுன்னா புளிச்சிப்போவும்.”

பிறகு:

“விசிறி ஓடுதத இங்கருந்து கேக்க முடியுது. நல்லதுதான். சத்தம் கேட்டா ஆளுக இருக்காவன்னு அர்த்தம்.”

ஜூலை 13

இரண்டாம் நிறுத்தத்துக்கு வந்துவிட்டேன். விசிறி நிற்கிற இடம் பதிவில் கத்தியால் வெட்டியது போலிருக்கிறது. எதையும் கழிக்க வேண்டியதில்லை. அவள் மூச்சு அவ்வளவு தெளிவாக.

“நிறுத்திட்டா. ஏட்டி, நிறுத்திட்டியா? ஐயோ, இப்பதான கைய கீழ போட்டேன். இரு, இரு, கல்லு எங்க...” தேடுகிறாள். தேடிக்கொண்டே இருக்கிறாள். பிறகு மூன்று தட்டு.

பிறகு விசிறி.

அடுத்த பகுதியைச் சுத்தம் செய்ய இரவு வரை ஆயிற்று. குரல் இறங்கியிருந்தது.

“கேட்டுச்சாட்டி? கை நடுங்குது, அதான் சத்தம் வரல. இன்னொருக்க நிறுத்துவல்ல? கல்ல மடியிலயே வச்சிருக்கேன். இந்தத் தடவ ஓங்கித் தட்டுதேன். நீ நிறுத்து. நான் முழிச்சுக்கிட்டுதான் இருக்கேன்.”

ஜூலை 14

அதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நேற்று வேலைக்குப் போகவில்லை. திருமேனி வந்தார், புது மோட்டார் வந்துவிட்டதாம், ஆறு டெசிபல் குறையுமாம். நல்லது என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எதற்கென்று தெரியவில்லை.

நான் நிறுத்தவில்லை அக்கா

பாதிக்குப் பாதி. சரியாகத்தான் சொன்னேன். மறுபடி கேட்டாலும் அதையே சொல்வேன். சொல்லிவிட்டு மறுபடி இப்படியே

ஜூலை 16. எனக்குப் பிறகு வருபவருக்கு

நாளைமுதல் நான் இந்த நாற்காலியில் இல்லை. இன்று காலை: முதல் கூடம் 56, இரண்டாம் கூடம் 59, பள்ளிக்கூட இடைவேளை 76. ஜனங்கள் பழையபடி பேச ஆரம்பித்துவிட்டார்கள். கிரைண்டருக்கு ரப்பர் வைத்தாயிற்று.

5-27-இன் பதிவு கணினியில் இருக்கிறது. அதில் இன்னும் எட்டு மணி நேரம் பாக்கி. அதற்குள் ஓர் இடத்தில் பேச்சு நிற்கும். எந்த இடம் என்று நான் பார்க்கவில்லை. பார்க்க எனக்குத் தெரியும். விசிறியைக் கழித்தால் போதும், வந்துவிடும்.

இந்த அலுவலகத்தின் வேலை இரைச்சலை அகற்றுவது. அதை நன்றாகச் செய்யுங்கள். விசிறிக்கு ரப்பர் வையுங்கள், சுவருக்குக் கம்பளம் போடுங்கள், குழந்தைகள் தூங்கட்டும்.

அந்த எட்டு மணி நேரத்தை மட்டும் சுத்தம் செய்ய வேண்டாம். விசிறி அதன்மேல் ஓடட்டும்.